சித்திரை 1, விஷு, ஏப்ரல் 14: ஆண்டுக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் எங்களுக்கு ஒரு சிறிய கடை. நோட்டு, பேனா, பஞ்சாங்கம், காலண்டர் விற்கிறோம். கார்த்திகை பிறந்தாலே சிவகாசியிலிருந்து தினசரி காலண்டர் கட்டுகள் வந்து இறங்கும். ஆரியங்காவு, தென்மலை, புனலூர்க்காரர்கள் கேட்பார்கள் என்று மலையாளக் காலண்டரும் வாங்கி வைப்போம். பெண் கொடுத்து, பெண் எடுத்த ஊர்கள் என்பதால் இரண்டையும் ஒரே சுவரில் மாட்டும் வீடுகள் இங்கே நிறைய. அப்படி மாட்டியவர்கள்தான் அடுத்த வருடம் வந்து கேட்பார்கள்: "அண்ணாச்சி, இதுல ஒரு தேதி, அதுல ஒரு தேதி. எது சரி?" இருபது வருடமாகக் கல்லாவில் நின்று பதில் சொல்லிச் சொல்லி, படித்துப் படித்துச் சேர்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு வருடம் என்பது சரியாக எத்தனை நாள்?

சூரியன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு ஆகும் காலம்தான் வருடம். எந்த இடத்தைப் புறப்பட்ட இடமாக வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து வானத்தில் இரண்டு வருடம் கிடைக்கிறது.

ஒரு நட்சத்திரத்தை அடையாளமாக வைத்தால், சூரியன் மறுபடி அதே நட்சத்திரத்துக்கு வர 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி ஆகும். இது நட்சத்திர ஆண்டு. பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் மாதப் புள்ளியை அடையாளமாக வைத்தால், மறுபடி அங்கே வர 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி போதும். இது பருவ ஆண்டு. வெயிலும் மழையும் இதன்படிதான் வரும். வித்தியாசம் 20 நிமிடத்துக்குச் சற்றே அதிகம்.

ஆங்கிலக் காலண்டர் பருவ ஆண்டைப் பிடித்துக்கொண்டு போகிறது. நம் பஞ்சாங்கமும் மலையாளக் காலண்டரும் நட்சத்திர ஆண்டைப் பிடித்துக்கொண்டு போகின்றன. கடையில் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு இந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது.

ஒரே பூமி, ஒரே சூரியன். அப்புறம் எப்படி இரண்டு வருடம்?

பம்பரம் வேகம் குறையும்போது தலையை மெதுவாக வட்டமிட்டு ஆட்டும் அல்லவா? பூமியின் அச்சும் அப்படி ஆடுகிறது. ஒரு சுற்று ஆட ஏறக்குறைய 25,800 ஆண்டு. அச்சு திரும்பும்போது, பகலும் இரவும் சமமாகும் புள்ளியும் நட்சத்திரங்களுக்கு நடுவே மேற்கே நகர்ந்துகொண்டே வருகிறது. 72 ஆண்டுக்கு ஒரு பாகை என்று வைத்துக்கொள்ளலாம். சூரியன் வருவதற்குள் அந்தப் புள்ளி கொஞ்சம் எதிர்கொண்டு வந்துவிடுவதால், பருவ ஆண்டு 20 நிமிடம் முன்னதாக முடிந்துவிடுகிறது.

பஞ்சாங்கத்தில் 'அயனாம்சம்' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அந்தப் புள்ளி இதுவரை எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் அது. இப்போது 24 பாகைக்குச் சற்று மேல். மத்திய அரசின் பஞ்சாங்கம் பின்பற்றும் கணக்கின்படி அது பூஜ்யமாக இருந்தது கி.பி. 285இல்.

ஆங்கிலக் காலண்டர் எவ்வளவு சுத்தம்?

நன்றாகவே சுத்தம். ஆனால் ஒரே நாளில் வந்த சுத்தம் இல்லை. ஜூலியஸ் சீசர் கி.மு. 45இல் கொண்டுவந்த முறையில் நான்கு வருடத்துக்கு ஒரு லீப் வருடம். சராசரி 365 நாள் 6 மணி. அது பருவ ஆண்டைவிட 11 நிமிடம் 15 விநாடி அதிகம். 128 வருடத்தில் ஒரு நாள் பிசகும். கி.பி. 325இல் இருந்த நிலையோடு ஒப்பிட்டால், 16ஆம் நூற்றாண்டுக்குள் பத்து நாள் பிசகிவிட்டது.

அதனால் 1582இல் போப் 13ஆம் கிரகோரி ஆணையிட்டு, அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாளை அக்டோபர் 15 வெள்ளி ஆக்கினார். 100ஆல் வகுபடும் வருடம் 400ஆலும் வகுபட்டால்தான் லீப் என்று விதியும் மாறியது. 1900 லீப் இல்லை, 2000 லீப், 2100 லீப் இல்லை. இப்படி 400 வருடத்தில் 97 லீப் வருடம். சராசரி 365 நாள் 5 மணி 49 நிமிடம் 12 விநாடி. பருவ ஆண்டோடு வித்தியாசம் 27 விநாடிதான். ஒரு நாள் பிசக 3,000 வருடத்துக்கு மேல் ஆகும். பிரிட்டன் இந்த முறைக்கு 1752இல்தான் வந்தது. ரஷ்யா 1918இல்.

நம் பஞ்சாங்க வருடம் எவ்வளவு?

வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படை 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. ஆரியபட்டர் கணக்கிலிருந்து வந்தது. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 விநாடி, 60 தற்பரை ஒரு விநாழிகை. கடிகார வழக்கில் சொன்னால் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. சூரிய சித்தாந்தத்தின் கணக்கு இதைவிட ஆறரை விநாடி மட்டும் கூடுதல்.

உண்மையான நட்சத்திர ஆண்டோடு இதை ஒப்பிட்டால் 3 நிமிடம் 20 விநாடி அதிகம். 432 வருடத்தில் ஒரு நாள் பிசகு. இந்த எண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். ஐந்தாம் நூற்றாண்டுக்காரர்கள். கையில் இருந்தது நிழல் குச்சியும் நீர்க்கடிகாரமும் கண்ணும்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தின் நீளத்தை மூன்றரை நிமிடத்துக்குள் பிடித்திருக்கிறார்கள்.

சித்திரை 1 எப்போதும் ஏப்ரல் 14தானே?

இல்லை. 2008இலும் 2012இலும் ஏப்ரல் 13இல் பிறந்தது. பழைய காலண்டர் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம். 2013இலிருந்துதான் வரிசையாக 14.

சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நேரத்துக்கு மேஷ சங்கராந்தி என்று பெயர். சாதாரண வருடத்தில் அது முந்தைய வருடத்தைவிட ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம் தள்ளி வரும். லீப் வருடத்தில் பிப்ரவரி 29 குறுக்கே வருவதால் முக்கால் நாள் முன்னுக்கு இழுக்கப்படும். 2022இல் ஏப்ரல் 14 காலை. 2023இல் 14 பிற்பகல். 2024 லீப் என்பதால் 13 இரவு. 2025இல் 14 விடியலுக்கு முன். 2026இல் மறுபடி 14 காலை. இப்படி நான்கு வருடச் சுற்றாகப் போகும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 50 நிமிடம் கூடிக்கொண்டே போகும். அந்தக் கூடுதல்தான் 13ஐ 14 ஆக்கியது. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏப்ரல் 15 எட்டிப் பார்க்கும். 2100 லீப் இல்லை என்பதால் அதற்குப் பிறகு 15 சாதாரணமாகிவிடும்.

பின்னோக்கிப் போனாலும் அப்படியே. 1800இல் கணக்கிட்டால் ஏப்ரல் 11ஐ ஒட்டி வருகிறது. சுவாமி விவேகானந்தர் மகர சங்கராந்தி அன்று பிறந்தவர். அவர் பிறந்த தேதி 1863 ஜனவரி 12. இன்றைக்குச் சங்கராந்தி ஜனவரி 14, 15இல் வருகிறது. சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ள எளிய கணக்கு உண்டா?

உண்டு. பஞ்சாங்க வருடத்துக்கும் பருவ ஆண்டுக்கும் வித்தியாசம் 23 நிமிடம் 45 விநாடி, அதாவது கிட்டத்தட்ட ஒரு நாழிகை. அறுபது நாழிகை ஒரு நாள். ஆகவே பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது வருடம் ஒரு சுற்று முடிந்தால், நம் வருடப் பிறப்பு பருவத்திலிருந்து ஒரு நாள் விலகியிருக்கும். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறவர்கள், தாங்கள் பிறந்தபோது இருந்ததைவிடச் சித்திரை 1 ஒரு நாள் தள்ளிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் 14இல் கணி பார்க்கிறோம். புனலூரில் சம்பந்தி வீட்டில் 15இல் விஷு. எது சரி?

இரண்டும் சரி. (கணி என்பது அன்று விடியலில் கண் விழித்ததும் முதலில் பார்க்கும் மங்கலப் பொருள்கள். விஷு மலையாளத்தார் அதைப் பார்க்கும் பண்டிகை.) ஒவ்வொரு பங்குனியிலும் கடையில் முதலில் வரும் கேள்வி இதுதான்.

சங்கராந்தி என்பது ஒரு நொடி. அது காலையிலும் வரும், நள்ளிரவிலும் வரும். ஆனால் மாதத்தின் முதல் தேதி ஒரு முழு நாளாக இருக்க வேண்டும். அந்த நொடியை எந்த நாளோடு சேர்ப்பது என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு விதி, மலையாளத்தில் ஒரு விதி. நம் விதி: சூரியன் மறைவதற்குள் சங்கராந்தி வந்துவிட்டால் அன்றே முதல் தேதி. மறைந்த பிறகு வந்தால் மறுநாள். மலையாள விதி: பகலின் ஐந்தில் மூன்று பங்குக்குள், அதாவது உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள் வர வேண்டும். காலை 6 மணிக்கு உதயம் என்றால் பிற்பகல் 1 மணி 12 நிமிடம் வரை. அதைத் தாண்டினால் மறுநாள்தான் மேடம் (மலையாளத்துச் சித்திரை) 1.

விஷுவுக்கு இன்னொரு நுணுக்கமும் உண்டு. கணி காண்பது விடியலில். சூரியன் மேடத்துக்குள் வந்த பிறகு வரும் முதல் விடியல்தான் அவர்களுக்குக் கணக்கு. அதனால் சங்கராந்தி உதயத்துக்குப் பிறகு வந்தால் மறுநாள் விடியலில்தான் கணி.

இப்போது மேலே சொன்ன வரிசையை ஒரு தடவை பாருங்கள். 2022இல் காலையில், உதயத்துக்குப் பிறகு சங்கராந்தி. நமக்கு 14, விஷு 15. 2023இல் பிற்பகல். நமக்கு 14, விஷு 15. 2024இல் முந்தைய இரவே வந்துவிட்டதால் இருவருக்கும் 14. 2025இல் விடியலுக்கு முன் என்பதால் அப்போதும் இருவருக்கும் 14. 2026இல் மறுபடி நமக்கு 14, அவர்களுக்கு 15. இரண்டு வருடம் சேர்ந்து வரும், இரண்டு வருடம் பிரிந்து வரும். இது தெரிந்த எங்கள் தெரு அத்தை ஒருவர், பிரிந்து வரும் வருடத்தில் இங்கே கணி வைத்துக் கைநீட்டக் காசு கொடுத்துவிட்டு, சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போய் மறுநாள் அங்கேயும் கணி பார்த்துவிட்டு வருவார். சரக்கொன்றையை மட்டும் இங்கிருந்தே கொண்டு போவார்.

விஷு என்றால் என்ன அர்த்தம்?

'விஷு' என்றால் சமம். பகலும் இரவும் சமமான நாள். குற்றாலநாதர் கோயிலில் சித்திரை விசு, ஐப்பசி விசு என்று வருடத்தில் இரண்டு விசுத் திருவிழா நடப்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வருடத்தில் இரண்டு முறைதான் பகலும் இரவும் சமமாகும். மேஷத்தில் ஒன்று, துலாத்தில் ஒன்று. இரண்டையும் அப்படியே கோயில் வழக்கத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இன்றைக்கு வானத்தில் சமநாள் மார்ச் 20, 21. இன்னொன்று செப்டம்பர் 22, 23. சித்திரை விசு ஏப்ரல் 14, ஐப்பசி விசு அக்டோபர் 18ஐ ஒட்டி. பெயர் வைத்த காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன. இப்போது மூன்று வாரத்துக்கு மேல் விலகிவிட்டன.

அப்படியானால் தை 1இல் உத்தராயணம் தொடங்குகிறது என்பதும்?

அதுவும் பழைய காலத்து உண்மை. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். மார்கழி முதல் வாரம் அது.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே மலை. ஐப்பசியிலிருந்து சூரியன் விழும் இடம் முகட்டில் தெற்கே தள்ளிக்கொண்டே போகும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரே இடத்தில் சில நாள் நின்றதுபோல் இருக்கும். அப்புறம் வடக்கே திரும்பும். பொங்கல் வருவதற்குள் சூரியனின் அகலத்தைப்போல் நான்கு மடங்கு வடக்கே வந்திருக்கும். மேகம் இல்லாத வருடம் பார்த்து, மாடிச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால் யாருக்கும் புரியும். பிள்ளைகளுக்கு "இன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகிறது" என்று தை 1இல் சொல்லிக்கொடுப்பதை நாம் நிறுத்த வேண்டும். மகர ராசிக்குள் சூரியன் நுழையும் நாள் என்று சொன்னால் அது உண்மை, பொங்கலுக்கும் ஒரு குறையும் வராது.

ஆனிக்கு 32 நாள், மார்கழிக்கு 29 நாள். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பூமி ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு மிக அருகிலும் ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவிலும் இருக்கும். அருகில் இருக்கும்போது வேகமாக ஓடும், தொலைவில் மெதுவாக நகரும். மிதுன ராசியைக் கடக்கச் சூரியனுக்கு 31 நாளும் அரை நாளுக்கு மேலும் ஆகிறது. தனுசு ராசியைக் கடக்க 29 நாளும் சில மணியும் போதும். நம் மாதம் சூரியனின் நடையை அப்படியே அளக்கிறது. ஆங்கில மாதங்களின் 30, 31, 28க்கு வானத்தில் எந்தக் காரணமும் கிடையாது. நம் மாதக் கணக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

மகரவிளக்கு ஒரு நாள், பொங்கல் மறுநாள் வருகிறதே?

அதே காரணம்தான். சபரிமலையில் சங்கிரம பூஜை சூரியன் மகரத்துக்குள் நுழையும் நேரத்தைப் பார்த்து நடக்கும். 2023இல் அது ஜனவரி 14 இரவு வந்தது. விளக்கு அன்றே. சூரியன் மறைந்த பிறகு என்பதால் நமக்குத் தை 1 மறுநாள் 15.

வீட்டுப் பழைய பத்திரத்தில் 'கொல்லம் 1108' என்று இருக்கிறது. எந்த வருடம்?

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அதனால் இங்கே பரணில் கிடக்கும் பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான். கி.பி. 825இல் தொடங்கிய கணக்கு இது. வருடம் ஆவணியில், மலையாளத்துச் சிங்கத்தில், பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும் வரை என்றால் 824 கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடியும் வரை என்றால் 825 கூட்டுங்கள். கொல்லம் 1108 ஆவணி என்றால் 1932. அதே 1108இல் தை என்றால் 1933. மார்கழியில் மட்டும் தேதியைப் பார்க்க வேண்டும், அது இரண்டு ஆங்கில வருடத்தில் பாதி பாதியாக விழும்.

மலையாளத்துப் பெரியவர்கள் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்பார்கள். கொல்லம் 1099 கர்க்கடகம், நம் ஆடி. 825 கூட்டினால் 1924, ஜூலை மாதத்துப் பெருவெள்ளம். சரியாக வருகிறதா?

வானக் கணக்குக்கும் இது நல்ல சாட்சி. கொல்லம் ஆண்டு தொடங்கிய 825இல் வருடப் பிறப்பு ஜூலை இறுதியில். 1201 பிறந்த 2025இல் அது ஆகஸ்ட் 17. 1,200 வருடத்தில் மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவான நகர்வு.

ரம்ஜானும் உகாதியும் ஏன் இன்னும் அதிகமாக நகர்கின்றன?

அவை நிலாவின் கணக்கு. பன்னிரண்டு அமாவாசை சுற்று முடிய 354 நாளும் எட்டே முக்கால் மணியும்தான். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. ஹிஜ்ரி ஆண்டு அதை அப்படியே விட்டுவிடுகிறது. அதனால் ரம்ஜான் நோன்பு ஏறக்குறைய 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வரும். கடையநல்லூர் நண்பர் ஒருவர், சிறுவயதில் சாரல் காலத்தில் பிடித்த நோன்பை இப்போது வேறு காலத்தில் பிடிப்பதாகச் சொல்வார். தெலுங்கு, கன்னடக் கணக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்றைச் சேர்த்துச் சமன் செய்யும். 2023இல் சிராவணம் அப்படி இரண்டு முறை வந்தது. அதனால்தான் உகாதி மார்ச், ஏப்ரலை விட்டு வெளியே போவதில்லை.

ஓணம் சூரியக் கணக்கா, சந்திரக் கணக்கா?

இரண்டும் கலந்தது. மாதம் சூரியனுடையது, சிங்கம். நாள் நிலா நிற்கும் நட்சத்திரம், திருவோணம். 2023இல் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5.

வாக்கியமா, திருக்கணிதமா? எதை வாங்க?

வீட்டுப் பெரியவர்கள், உங்கள் கோயில் எதைப் பார்க்கிறதோ அதை வாங்குங்கள். கடைக்காரன் பதில் அது. கணக்கு என்று கேட்டால் வேறு பதில்.

வாக்கியம் என்பது பழைய மனப்பாட வாய்பாடு. எண்களை எழுத்தாக்கி, எழுத்துகளைச் சொல்லாக்கி, சொற்களை வரியாக்கி வைத்தார்கள். ஓலை இல்லாமலே நிலாவின் இடத்தைச் சொல்லிவிட முடியும். திருக்கணிதம் வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கு. 'த்ருக்' என்றால் பார்வை. நவீன வானியல் வந்த பிறகுதான் இந்த யோசனை பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மலையாளக் கரையில் வடசேரி பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கவனித்து, பழைய கணக்கு பொருந்தவில்லை என்று கண்டு 1431இல் புது முறையை வகுத்தார். மலையாளக் கரையின் கணித அறிஞர் மாதவருக்குப் பின் வந்த மரபு அது. பழையதை மதிப்பதும் அதைத் திருத்துவதும் சேர்ந்தே இருந்த இடம். நுட்பமான நேரம் வேண்டும் என்றால், கிரகணம் எப்போது பிடிக்கும் என்று பார்க்க வேண்டும் என்றால், திருக்கணிதம்தான் சரி.

இப்படியே போனால் ஆடிப் பட்டம் தப்பிவிடுமா?

நம் ஆயுளில் தப்பாது. ஆயிரம் வருடத்தில்தான் பதினாறரை நாள் நகர்வு. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்க வேண்டிய சராசரி நாள் ஜூன் 1, அது வைகாசி 18 வாக்கில். மழையே ஒரு வருடம் பத்து நாள் முந்தும், ஒரு வருடம் பத்து நாள் பிந்தும். சாரல் ஆனியில் தொடங்குகிறதா ஆடிக்குத் தள்ளுகிறதா என்று குற்றாலத்துக் கடைக்காரர்கள் வருடா வருடம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தடுமாற்றத்துக்கு நடுவே அறுபது வருடத்துக்கு ஒரு நாள் நகர்வது உழவருக்குத் தெரியவே தெரியாது.

அப்படியானால் நம் காலண்டரைத் திருத்திவிட வேண்டியதுதானே?

ஒருமுறை முயன்றார்கள். மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைத்த குழு 1955இல் அறிக்கை கொடுத்தது. அதன்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. சக ஆண்டுக் கணக்கு. வருடப் பிறப்பு மார்ச் 22, லீப் வருடத்தில் 21. பருவ ஆண்டோடு ஒட்டியது. அரசிதழில் அந்தத் தேதி அச்சாகிறது. ஆனால் எங்கள் கடையில் யாரும் அதைக் கேட்டு வாங்கியது கிடையாது.

சித்திரை 1ஐ மார்ச்சுக்கு இழுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நட்சத்திர ஆண்டும் வானத்தில் இருக்கும் உண்மையான ஆண்டுதான். சூரியன் மேஷத்துக்கு வந்தது என்று நாம் சொல்லும்போது ஒரு பொய்யும் சொல்லவில்லை. சமநாள், அயன நாள் என்ற பழைய பட்டங்களை மட்டும் அதற்குரிய தேதிக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இதையெல்லாம் நானே வீட்டில் பார்க்க முடியுமா?

முடியும். ஒரு உலக்கை போதும். நான்கு அடி இருந்தால் நல்லது.

செங்கோட்டை, தென்காசி, குற்றாலம், புனலூர் எல்லாம் ஏறக்குறைய 9 பாகை வட அட்சரேகையில் இருக்கின்றன. சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வருடத்தில் இரண்டு தடவை வரும். ஏப்ரல் 12, 13இல் ஒருமுறை, ஆகஸ்ட் 30 வாக்கில் ஒருமுறை. முதல் நாள் பாருங்கள், கிட்டத்தட்ட சித்திரை 1ஐ உரசிக்கொண்டு வருகிறது. நம் ஊர் இருக்கும் இடத்தால் அமைந்த பொருத்தம் இது. சென்னைக்குக் கிடையாது.

முற்றத்தில் தரை சமமாக இருக்கும் இடத்தில் உலக்கையை நட்டு, கொத்தனாரின் தூக்குக் குண்டு வைத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் 12.20க்கும் 12.25க்கும் நடுவே பாருங்கள். இங்கே உச்சி வேளை சரியாக 12 மணிக்கு வராது. ஏப்ரல் 13 அன்று நிழல் உலக்கையின் காலுக்குள் ஒடுங்கிவிடும். இந்த நாள் சூரியனின் பருவ ஆண்டுப்படி வருவதால், ஆங்கிலத் தேதியில் நகராது. சித்திரை 1 நகரும்.

1800இல் ஏப்ரல் 11 அன்று இதே முற்றத்தில் உலக்கை நட்டிருந்தால், சூரியன் உச்சிக்குச் சற்றுத் தெற்கே நின்று, நிழல் வடக்கே ஒன்றரை சென்டிமீட்டர் விழுந்திருக்கும். சுமார் 80 வருடத்துக்கு முன் சங்கராந்திச் சூரியன் கிட்டத்தட்ட நம் தலைக்கு நேராக இருந்தது. இன்றைக்கு ஏப்ரல் 14 உச்சியில் நிழல் தெற்கே ஒரு சென்டிமீட்டர் தலைகாட்டுகிறது.

அப்புறம் மார்ச் 20 அன்றும் ஒரு தடவை அதே உலக்கையின் நிழலை உச்சி வேளையில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உச்சி ஆறேழு நிமிடம் தள்ளி, 12.28க்கு. நான்கு அடி உலக்கைக்கு வடக்கே 19 சென்டிமீட்டர் நிழல் விழும். சமநாள் நிழல் அது. பழைய கணித நூல்கள் 12 அங்குலக் குச்சியின் இந்த நிழலை வைத்துத்தான் ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லும். நமக்கு 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. சித்திரை விசு என்ற பெயர் பிறந்த காலத்தில், வருடப் பிறப்பன்று இந்த முற்றத்தில் விழுந்திருக்கக்கூடிய நிழலும் அதே 19 சென்டிமீட்டர்தான். தரையில் இரண்டு இடத்தையும் பெயிண்டால் குறித்துவிடுங்கள், மழையில் அழியாது.